ஐரோப்பாவுக்குக் குடும்பமாகப் போகும்போது எந்த சிம், யாருடைய போனில்?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு வீட்டில் ஐரோப்பா போவது உறுதியாகிவிட்டால் விசா, இன்சூரன்ஸ், ஸ்வெட்டர், ஊறுகாய் பாட்டில் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பேசுகிறார்கள். போன் விஷயம் மட்டும் கடைசி வாரத்துக்குப் போய்விடுகிறது. அப்போதும் ‘எது மலிவு?’ என்ற ஒரே கேள்விதான் எழுகிறது. மலிவைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இந்திய எண் அங்கே உயிரோடு இருக்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெளியே போனால் குடும்பத்தில் யார் யாரை விட்டுப் பிரிந்து நடப்பார்கள் என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், எந்த சிம் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும் ஒரே வழிதான் என்று நினைப்பதில்தான் பணமும் வீணாகிறது, நிம்மதியும் போகிறது.

இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள்

பயணத்தின் நடுவே ஒரு ரயில் டிக்கெட்டை ஆன்லைனில் மாற்றினாலும், வெளிநாட்டுப் பணத்தை ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் பணம் போட்டாலும், வங்கி ஓடிபியை அனுப்புவது இந்திய எண்ணுக்குத்தான். அந்த சிம் சூட்கேஸின் மூலையில் ஒரு சின்ன டப்பாவில் இருந்தால் பயனில்லை. அது போனில் இருக்க வேண்டும், அங்குள்ள நெட்வொர்க்கில் பதிவாகியும் இருக்க வேண்டும். இந்திய நிறுவனங்களின் வழக்கமான நடைமுறையில், ரோமிங்கில், அதாவது வேறு நாட்டு நெட்வொர்க்கில் இருக்கும்போது வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வதேச ரோமிங் வசதியை ஊரிலிருந்தே இயக்கிவிட்டுப் போக வேண்டும். ரோமிங் பேக் (வெளிநாட்டுக்கான டேட்டா, அழைப்புத் திட்டம்) போடாமல் போனால் ப்ரீபெய்டு எண் அங்கே நெட்வொர்க் பிடிக்குமா என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இதைவிடப் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வழக்கமாகப் போடும் 28 நாள் ரீசார்ஜ், பயணத்தின் நடுவில் முடிந்துவிடக் கூடாது. திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஒரு வாரமாவது செல்லுபடியாகும்படி புறப்படும் முன்பே ரீசார்ஜ் செய்துவிடுவது நல்லது.

கார்டு விஷயத்திலும் ஒரு பூட்டு இருக்கிறது. 2020 மார்ச் 16 முதல் வழங்கப்படும் டெபிட், கிரெடிட் கார்டுகள் இந்தியாவுக்குள் உள்ள ஏடிஎம்களிலும் கடை இயந்திரங்களிலும் மட்டுமே வேலை செய்யும்படி வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே இயக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிச் செயலியில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும், அதை வீட்டிலிருந்தே செய்யுங்கள். யுபிஐயை நம்பிப் போக வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கு யுபிஐ ஏற்கப்பட்டது உண்மைதான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, பாரிஸில் தெருமுனை ரொட்டிக் கடையில் க்யூஆர் அட்டையைத் தேடினால் பசியோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

வாட்ஸ்அப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. வேறு சிம் போட்டாலும் பழைய எண்ணிலேயே வாட்ஸ்அப் ஓடும் என்றுதான் இதுவரை எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். 2025 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, இத்தகைய செயலிகள் பதிவு செய்த சிம் அந்தப் போனிலேயே இருந்தால் மட்டும் இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்திய சிம் தன் இடத்தில் இருக்கட்டும். அதில் ரோமிங் பேக் போடாவிட்டால், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள்.

விசாவின் எல்லை வேறு, சிம்மின் எல்லை வேறு

ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து தரும் பொது விசாவான ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 நாடுகள். அதே போல ஒரு ஐரோப்பிய சிம் வாங்கினால் 29 நாடுகளிலும் ஓடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இரண்டு வரைபடங்களும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்கிடையே ரோமிங் கூடுதல் கட்டணத்தை ஒழித்தது. 2022இல் அந்த விதியை 2032 வரை நீட்டித்தது. ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகியவையும் இதில் அடங்கும். சுவிட்சர்லாந்து இதில் இல்லை. அது ஷெங்கனில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அயர்லாந்து நேர்மாறு: ஷெங்கனில் இல்லை, ரோமிங் வளையத்தில் இருக்கிறது. பிரிட்டன் இரண்டிலும் இல்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. களியக்காவிளையைத் தாண்டினால் கேரள வட்டம், தமிழ்நாட்டு எண்ணுக்கு ரோமிங் கட்டணம் என்றிருந்த நாட்களை நாற்பது வயதைக் கடந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் கேட்பவர் யாரும் இல்லை, சோதனைச் சாவடியில் போனைப் பார்ப்பவரும் இல்லை, ஆனால் பாலன்ஸ் மட்டும் கரையும். பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்துக்குள் ரயில் நுழையும்போதும் நடப்பது அதுதான். பிரான்சில் வாங்கிய சிம், ஜெனீவாவில் இறங்கியதும் வெளிநாட்டு சிம் ஆகிவிடுகிறது. எல்லையோர ஊர்களில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. நீங்கள் பிரான்சுப் பக்கமோ ஜெர்மனிப் பக்கமோ நின்றுகொண்டிருப்பீர்கள். போன் தானாகச் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்திருக்கும். ஜெனீவா, பாசல் சுற்றுவட்டாரத்தில் தங்குபவர்கள் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது.

இதனால் முதலில் பயண வழியை ஒரு தாளில் எழுதுங்கள். கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களின் பக்தர்கள் விரும்பிப் போவது பாத்திமா, லூர்து, ரோம். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்துக்கு 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம் வழங்கப்பட்ட பிறகு, ரோம் இங்கே பல வீடுகளுக்கு இன்னும் நெருங்கிவிட்டது. இந்த வழியில் போர்ச்சுகல், பிரான்ஸ், இத்தாலி ஆகிய மூன்றுமே ஒன்றிய நாடுகள். வத்திக்கானுக்குள்ளும் இத்தாலிய நெட்வொர்க்தான் கிடைக்கும். எனவே திருப்பயணம் போகிறவர்களுக்குச் சிக்கல் குறைவு. பாரிஸ், இன்டர்லாகன், யுங்ஃபிராவ் பனிமலை, வெனிஸ் என்று சுற்றுலா வழியில் போகிறவர்களுக்குச் சுவிட்சர்லாந்துதான் முடிவைத் தீர்மானிக்கும்.

இந்திய ரோமிங் பேக்: எளிமைக்குக் கொடுக்கும் விலை

ஏர்டெல், ஜியோ, விஐ எல்லாரும் ஒரு நாள் முதல் முப்பது நாள் வரை பல அளவுகளில் வெளிநாட்டு பேக் விற்கிறார்கள். டேட்டா, சில நிமிட அழைப்புகள், வரும் அழைப்புகள் எல்லாம் சேர்ந்து வரும். எண் மாறாது, சிம் மாறாது, போனின் அமைப்பில் (செட்டிங்ஸில்) தொட வேண்டியது ஒரே ஒரு பொத்தான். ஊரிலிருந்து யாராவது சாதாரண அழைப்பில் கூப்பிட்டாலும் எடுக்கலாம். சுவிட்சர்லாந்து, பிரிட்டன் போன்ற நாடுகளும் பெரும்பாலும் பட்டியலில் இருக்கும். இருந்தாலும் நீங்கள் போகும் ஒவ்வொரு நாட்டின் பெயரையும் அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

விளம்பர விலையைப் படிப்பதில் கவனம் தேவை. 2024 ஏப்ரலில் ஏர்டெல், 184 நாடுகளுக்கு நாளொன்றுக்கு 133 ரூபாயில் தொடங்கும் பேக்குகளை அறிவித்தது. ‘தொடங்கும்’ என்ற சொல்லில்தான் கணக்கு இருக்கிறது. நாளுக்கு அவ்வளவு குறைவாக வர வேண்டுமானால் நீண்ட நாள் பேக்கை எடுக்க வேண்டும். நம் குடும்பப் பயணங்கள் பத்து முதல் பதினைந்து நாட்கள். பத்து நாள் பேக் போதாது, முப்பது நாள் பேக் பாதி வீணாகும். பதின்மூன்று நாள் போகிறவர் பத்து நாள் பேக் ஒன்றும் ஒரு நாள் பேக் மூன்றும் வாங்குவதா, முப்பது நாள் பேக்கே வாங்குவதா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முப்பது நாள் பேக்தான் குறைவாக வரும்.

இதன் பெரிய குறை, தலைக்குத் தலை பெருகுவது. ஒரு பேக் மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்குப் பதினைந்தாயிரம். அதில் பாட்டாவின் (தாத்தாவின்) போனில் டேட்டா அப்படியே கிடக்கும், பிள்ளைகளுடையது மூன்றாம் நாளே தீர்ந்துவிடும். எனவே குடும்பம் முழுவதற்கும் இது வேண்டாம். ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு இது மிக நல்ல வழி. புது அமைப்புகளைப் பார்த்தால் தடுமாறுகிற, போனை எடுத்துக் காதில் வைத்தால் பேச முடிய வேண்டும் என்று நினைக்கிற மூத்தவருக்குத்தான் அது. அவர் வழி தவறினால் ஒரு சாதாரண அழைப்பில் நம்மை எட்ட வேண்டும். அந்த நேரத்தில் வைஃபை தேடச் சொல்ல முடியாது.

பாட்டாவிடம் இருப்பது பழைய பட்டன் போன் என்றால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பல இடங்களில் பழைய தலைமுறை நெட்வொர்க்குகள் மூடப்பட்டு வருகின்றன. சுவிட்சர்லாந்தின் பெரிய நிறுவனமான ஸ்விஸ்காம் 2021இலேயே 2ஜி சேவையை நிறுத்திவிட்டது. 4ஜி அழைப்பு வசதியுள்ள எளிய போன் ஒன்றை ஒரு மாதம் முன்பே வாங்கிக் கொடுத்துப் பழக்கிவிடுங்கள்.

அங்கே போய் வாங்கும் சிம்

அதிக டேட்டா குறைந்த விலைக்கு வேண்டுமென்றால் இதுதான் நல்ல வழி என்று பலர் சொல்வார்கள். நீண்ட நாள் தங்குபவர்களுக்கு அது சரி. பத்து நாள் சுற்றுபவர்களுக்கு அப்படியில்லை.

முதல் தடை, வாங்கும் நேரம். இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்த குடும்பம், பெட்டிகளோடும் தூங்கி விழும் பிள்ளைகளோடும் விமான நிலையத்தில் சிம் கடையைத் தேட வேண்டும். அங்கே இருக்கும் விலை ஊருக்குள் இருக்கும் விலையைவிட அதிகம். ஊருக்குள் போய் வாங்கலாம் என்றால், ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையக் கடைகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் மூடியிருக்கும். அடுத்தது ஆவணம். ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். இத்தாலியிலும் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிம் என்றால் ஒவ்வொருவருக்கும் இந்தச் சடங்கு நடக்கும்.

மூன்றாவது தடை, பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெரிய எண். நூறு ஜிபி என்று போட்டிருந்தால் அது அந்த நாட்டுக்குள் மட்டும். பிற ஒன்றிய நாடுகளுக்குப் போகும்போது நியாயமான பயன்பாடு என்ற பெயரில் சிறிய அளவுதான் கிடைக்கும். இத்தாலியில் வாங்கி பிரான்சுக்குள் போகிறவர்கள் இந்த அளவைத்தான் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

இதில் ஒரு நன்மை மறுக்க முடியாதது. உள்ளூர் எண் கிடைக்கும். வாடகை வீட்டின் உரிமையாளர், டாக்சி ஓட்டுநர், உணவகம் எல்லாரும் உள்ளூர் எண்ணுக்குத் தயங்காமல் கூப்பிடுவார்கள். ஓரிரு மாதம் மகள் வீட்டில் தங்கிப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிற நம்மூர்த் தாய்மார்களுக்கு இதுவே சரி. மகளே வாங்கிப் போட்டுவிடுவாள்.

இ-சிம்: இரண்டு எண் ஒரே போனில்

அட்டை இல்லாமல், இணையம் வழியாகப் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்தான் இ-சிம். எனக்குப் பிடித்தது இதுதான். காரணம் விலை மட்டுமல்ல. இந்திய சிம் தன் துளையில் அப்படியே இருக்க, பக்கத்தில் இன்னொரு சிம் கண்ணுக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓடிபியும் வரும், டேட்டாவும் ஓடும். பயண இ-சிம் நிறுவனங்கள் ஒரு நாட்டுக்கும் விற்கின்றன, ஐரோப்பா முழுமைக்கும் விற்கின்றன. ஐரோப்பா பேக் என்றால் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் உள்ளே இருக்கும். இங்கும் நாட்டுப் பட்டியலைப் பெயர் பெயராகப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

முதலில் போன் இ-சிம்மை ஏற்குமா என்று பாருங்கள். அழைப்புப் பலகையில் *#06# என்று தட்டினால் வரும் பட்டியலில் இஐடி என்ற நீண்ட எண் தெரிந்தால் ஏற்கும். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் பிந்தைய ஐபோன்களில் இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் விலை உயர்ந்த மாடல்களில் இருக்கும், பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கியவற்றில் பெரும்பாலும் இருக்காது. ஆகவே குடும்பத்தில் இரண்டு போன்களில் மட்டும் இ-சிம் ஓடும் என்ற நிலையே வழக்கம். அது போதும்.

வாங்கியதும் க்யூஆர் கோடு வரும். அதை எந்தப் போனில் ஏற்ற வேண்டுமோ அதே போனின் திரையில் பார்த்துக்கொண்டு அதே போனின் கேமராவால் எப்படி எடுப்பது? ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இன்னொருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். ஏற்றுவதற்கு இணையம் வேண்டும். அதனால் வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள். வேலிடிட்டி ஏற்றிய நாளிலிருந்து தொடங்குமா, ஐரோப்பிய நெட்வொர்க்கைப் பிடித்ததிலிருந்தா என்பது பேக்குக்குப் பேக் மாறும். இரண்டாவது வகையை வாங்குங்கள்.

பலரும் குழம்புவது அமைப்பில்தான். டேட்டா ரோமிங் என்றாலே பயந்து எல்லா சிம்மிலும் அணைத்துவிடுகிறார்கள். பிறகு இ-சிம் வேலை செய்யவில்லை என்று புலம்பல். இ-சிம் விற்கிறவர் பிரெஞ்சு நிறுவனமோ இத்தாலிய நிறுவனமோ அல்ல. அவர் விற்கும் சிம்முக்கு எல்லா நாடும் ரோமிங்தான். எனவே இ-சிம்மில் டேட்டா ரோமிங் இயக்கத்தில் இருக்க வேண்டும், இந்திய சிம்மில் அணைந்திருக்க வேண்டும். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதற்கு டேட்டாவை மாற்றிக்கொள்ளும் வசதி போனில் இருந்தால் அதையும் அணையுங்கள். அது நல்ல எண்ணத்தோடு இந்திய சிம்முக்குத் தாவி, பில்லைக் கொண்டுவந்து சேர்க்கும்.

குறைகளும் உண்டு. பெரும்பாலான பயண இ-சிம்களில் டேட்டா மட்டும்தான், பேசுவதற்கு எண் இருக்காது. பேக் எதுவும் இல்லாத இந்திய எண்ணுக்கு ஊரிலிருந்து சாதாரண அழைப்பு வந்து எடுத்துவிட்டால் நிமிடத்துக்கு நிமிடம் பணம் போகும். கிரகப்பிரவேச அழைப்பு வைக்க நினைக்கும் மாமாவிடமும், இரவு ஒரு மணிக்கு நலம் விசாரிக்கும் சித்தப்பாவிடமும் வாட்ஸ்அப்பில் மட்டும் கூப்பிடும்படி முன்பே சொல்லிவிடுங்கள். ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் சில இ-சிம்களில் ஹாட்ஸ்பாட் பகிர்வுக்கு, அதாவது ஒரு போனின் டேட்டாவை மற்ற போன்களுக்குத் தருவதற்கு, நாளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு இருக்கும். குடும்பத்துக்கு வாங்கும்போது இந்த ஒரு வரிதான் மிக முக்கியம். பகிர முடியாத அன்லிமிடெட்டைவிட, பகிர முடிகிற இருபது ஜிபி மேல்.

வைஃபை மட்டும் போதுமா?

ஓட்டலில், உணவகத்தில், ரயில் நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று சிலர் ஒரு பேக்கும் வாங்காமல் போகிறார்கள். வழிகாட்டியோடு பஸ்ஸில் சுற்றும் குழுப் பயணத்தில் இது நடக்கும். தனியாகத் திட்டமிட்டுப் போகும் குடும்பத்துக்கு இது சரிவராது. வழி தெரியாமல் நிற்பது எப்போதும் வைஃபை இல்லாத தெருவில்தான். பொது வைஃபைகளில் பல, போன் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பிச் சரிபார்த்த பிறகே உள்ளே விடும். எஸ்எம்எஸ் வராத போனுக்கு அதுவும் மூடிய கதவுதான்.

வாடகைக்குக் கிடைக்கும் பாக்கெட் வைஃபைக் கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜ் போட இன்னொரு பொருள், தொலைக்க இன்னொரு பொருள். அதை வைத்திருப்பவர் கடைக்குள் போனால் வெளியே நிற்கும் நால்வருக்கும் இணையம் போய்விடும்.

எந்த வழியானாலும் இணையம் இல்லாமல் இயங்கும் ஏற்பாட்டை முன்பே செய்வது செலவைக் குறைக்கும். கூகுள் மேப்பில் போகும் ஊர்களின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன் ஆகியவற்றோடு தமிழையும் இறக்கலாம். ஓட்டல் முகவரியை ஒரு காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். அவசர உதவிக்கு ஐரோப்பா முழுவதும் 112 என்ற எண். நம் நாட்டிலும் அதே எண்தான் என்பதால் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் ஜெர்மனி உட்படச் சில நாடுகளில் சிம் இல்லாத போனிலிருந்து 112ஐக்கூட அழைக்க முடியாது. பிள்ளை கையில் கொடுக்கும் பழைய போனிலும் ஒரு சிம் இருக்கட்டும்.

எத்தனை ஜிபி வேண்டும்?

வரைபடம் பார்ப்பதற்கு மணிக்குச் சில எம்பிதான். வாட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்கு அரை எம்பி அளவு. வீடியோ அழைப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து எம்பி, அரை மணிக்கு நூற்றைம்பது எம்பி. கோடைக்காலத்தில் பாரிஸ், ரோம் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது, குளிர்காலத்தில் நாலரை. வீட்டில் இரவு எட்டரைக்குக் குடும்ப ஜெபம் நடக்கும்போது அங்கே கோடையில் மாலை ஐந்து மணி. பாட்டியோடு அப்போது வீடியோவில் சேர்ந்துகொள்பவர்கள் பத்து நாளைக்கு ஒன்றரை ஜிபி ஒதுக்கினால் போதும்.

டேட்டாவைத் தின்பது வேறு இடத்தில் இருக்கிறது. 1080பி வீடியோ எடுத்தால் ஐபோன் நிமிடத்துக்கு 60 எம்பி அளவு சேமிக்கிறது, 4கேயில் 170 எம்பி. ஈஃபில் கோபுரம் மின்னுவதை ஐந்து பேரும் ஐந்து போனில் எடுக்கிறார்கள். அது தானாக மேகச் சேமிப்புக்கு ஏறத் தொடங்கினால் எந்த பேக்கும் தாங்காது. வைஃபையில் மட்டும் ஏற்று என்று வைத்திருக்கிறேனே என்று நீங்கள் சொல்லலாம். அப்பாவின் ஹாட்ஸ்பாட்டும் மகளின் போனுக்கு வைஃபைதான். அது நம்பி ஏற்றிவிடும். ஒவ்வொரு போனிலும் அந்த ஹாட்ஸ்பாட்டைக் குறைந்த டேட்டா முறையில், அல்லது அளவிடப்படும் இணைப்பாகக் குறித்துவிடுங்கள். செயலிகளின் தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்துங்கள். யூடியூபும் ரீல்ஸும் ஓட்டல் வைஃபைக்கு என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டால், நான்கைந்து பேருக்குப் பத்து நாளுக்குப் பத்து முதல் பதினைந்து ஜிபி தாராளம்.

ஹாட்ஸ்பாட் பேட்டரியைக் குடிக்கும், பவர் பேங்க் கட்டாயம் வேண்டும். அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாக எமிரேட்ஸில் போகிறவர்கள் கவனிக்க: 2025 அக்டோபர் 1 முதல் அந்த விமானங்களில் நூறு வாட்-மணிக்கு உட்பட்ட ஒரு பவர் பேங்கைக் கொண்டுபோகலாம், ஆனால் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது.

வளைகுடா வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பா பேக் துபாயில் ஓடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே இறங்கும்போது டேட்டாவை அணைத்துவிட்டு விமான நிலைய வைஃபையைப் பயன்படுத்துங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், அழைப்பு போகாது. அங்கே வேலை செய்யும் உறவினர் உள்ள வீடுகளுக்கு இது தெரிந்த கதை. மற்றவர்கள் போன் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். கப்பலில் ஏறுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நடுக்கடலில் போன் பிடிப்பது கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கை. ஐரோப்பிய ரோமிங் விதி அதற்குப் பொருந்தாது. ஏறியதும் விமான முறையில் வைத்துவிடுங்கள்.

என் தேர்வு

பங்கு ஆலயத்திலிருந்தோ டிராவல்ஸிலிருந்தோ பஸ் ஏற்பாட்டோடு போகும் திருப்பயணக் குழு என்றால், வீட்டுக்கு ஒரு இந்திய ரோமிங் பேக் போதும். அதைக் குடும்பத்தில் மூத்தவரின் போனில் போடுங்கள். மற்றவர்கள் ஓட்டல் வைஃபையில் சமாளிக்கலாம். புனித பேதுரு சதுக்கம் போன்ற பெருங்கூட்டத்தில் நெட்வொர்க் திணறும். எந்தத் தூணருகே, எத்தனை மணிக்குக் கூடுவது என்று வாயால் சொல்லி வைப்பது எந்த பேக்கைவிடவும் உதவும்.

சொந்தமாகத் திட்டமிட்டு, பெற்றோர், வளர்ந்த பிள்ளைகள், பாட்டா என்று போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது கலவைதான். அப்பா போனிலும் அம்மா போனிலும் சுவிட்சர்லாந்து சேர்ந்த ஐரோப்பா இ-சிம், இரண்டும் ஹாட்ஸ்பாட் தரக்கூடியவை. ஒரே போனில் பெரிய பேக் வாங்குவதைவிட இரண்டு போனில் பாதிப் பாதியாக வாங்குங்கள். லூவர் அருங்காட்சியகம் போதும் என்று பிள்ளைகளும், இன்னும் பார்க்க வேண்டும் என்று அப்பாவும் பிரியும் நேரம் கட்டாயம் வரும். பாட்டாவுக்கு இந்திய ரோமிங் பேக். பிள்ளைகளுக்குத் தனியாக எதுவும் வேண்டாம், யாராவது ஒருவரின் ஹாட்ஸ்பாட் எல்லைக்குள் நடக்கட்டும். கல்லூரி வயதில் உள்ளவர் தனியாகச் சுற்றுவார் என்றால் மட்டும் மூன்றாவது இ-சிம் வாங்குங்கள். பாட்டாவைத் தவிர மற்ற எல்லார் போனிலும் இந்திய சிம் டேட்டா அணைந்த நிலையில் இருக்கும்.

வீட்டில் ஒரு போனும் இ-சிம் ஏற்காது என்றால், இதற்காகப் புதுப் போன் வாங்கச் சொல்ல மாட்டேன். இரண்டு சிம் துளை உள்ள போன் ஒன்று இருந்தால், இரண்டாம் துளையில் போட ஐரோப்பா சிம் அட்டையை இந்தியாவிலேயே வாங்கலாம். பாஸ்போர்ட், விசா நகல் கேட்பார்கள். கிடைக்காவிட்டால் இரண்டு பேருக்கு இந்திய பேக் போட்டு ஹாட்ஸ்பாட்டில் பகிர்ந்துகொள்ளுங்கள்.

செவிலியராக இருக்கும் மகளையோ மகனையோ பார்க்க அயர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ போய் மாதக்கணக்கில் தங்குபவர்கள் உள்ளூர் சிம்மையே வாங்குங்கள். அங்கிருந்து ஒரு வாரம் பாரிஸ், ரோம் என்று போனாலும் அதே சிம் ஓடும். லண்டனில் இருக்கும் உறவினரையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவதாக இருந்தால், அந்தச் சில நாட்களுக்கு மட்டும் பிரிட்டனுக்கான சிறிய இ-சிம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஜிபி போதும், மற்றதெல்லாம் உறவினர் வீட்டு வைஃபையில் நடந்துவிடும்.